காற்றாலை சுழலும் மாவட்டத்தில் தொண்டை ஏன் கமறுகிறது?

கேள்வி இதுதான்: "டெல்லியைப் போலப் புகைமூட்டம் நாகர்கோவிலில் இல்லை. பக்கத்திலேயே கடல், பின்னால் மலை, முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அப்படியிருந்தும் வடசேரியிலிருந்து வேப்பமூடு வந்து சேர்வதற்குள் தொண்டை கமறுகிறது. தை, மாசியில் விடியற்காலையில் வாசலைத் திறந்தாலே கருகல் வாடை. அடிப்படைக் காரணம் என்ன? செய்யக்கூடியது ஏதாவது உண்டா?"

உண்டு. ஆனால் டெல்லிக்கு எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டு இங்கே செல்லாது. அங்கே குளிர்காலத்தில் ஊர் முழுவதும் ஒரே கிண்ணமாகி, எல்லாருடைய புகையும் எல்லாருக்கும் பங்காகிறது. நம் குமரி மாவட்டத்தில் காற்று கெடுவது தெருத்தெருவாக, வேளைவேளையாக. செட்டிகுளம் ஜங்ஷனில் காலை ஒன்பது மணிக்கு நிற்பவர் இழுக்கும் மூச்சு வேறு. அதே நேரம் முட்டம் கடற்கரையில் நிற்பவருடையது வேறு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எண் பார்க்க அழகாக இருக்கும். அந்தச் சராசரியை யாரும் சுவாசிப்பதில்லை.

முதலில் காற்றின் கணக்கு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஊரில் எழும் புகையை நிற்க விடாமல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கே தள்ளிவிடும். மழை பெய்தால் தூசியும் படிந்துவிடும். இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் என்பதால் வருடத்தில் பாதிக்கு மேல் இயற்கையே பெருக்கித் துடைத்துவிடுகிறது. சிக்கல் மார்கழிக்குப் பிறகு தொடங்குகிறது. வானம் தெளிந்த இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே கிடக்கிறது. அதற்கு மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கிறது. பகலில் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு உயரும் கலப்பு அடுக்கு (தரைக்காற்று மேலும் கீழுமாகக் கலக்கும் உயரம்), விடியற்காலையில் நூறு இருநூறு மீட்டருக்குள் சுருங்கிவிடும். மதியம் எரித்த ஒரு கூடைச் சருகின் புகையும் காலை ஆறு மணிக்கு எரித்த ஒரு கூடைச் சருகின் புகையும் அளவில் ஒன்றுதான். ஆனால் காலையில் அது ஐந்து முதல் பத்து மடங்கு செறிவாக மூக்குக்கு வரும்.

போதாததற்கு ரப்பர் மரம் இலை உதிர்ப்பதும் மார்கழிக்கும் மாசிக்கும் நடுவில்தான். தேக்கு, பலாச் சருகும் அப்போதுதான் குவிகிறது. பெருக்கிக் கூட்டித் தீ வைக்கும் பழக்கம் விடியற்காலைப் பழக்கம். ஆக, ஆண்டிலேயே காற்று மிகவும் அசையாத மாதங்களில், நாளிலேயே மூடி மிகத் தாழ்வாக இருக்கும் வேளையில் நாம் எரிக்கிறோம். அந்த மாதங்களில் வடகிழக்கிலிருந்து வரும் காற்று துணைக்கண்டத்தின் புகையையும் கொஞ்சம் சுமந்துவரும். 1999-இல் நடந்த இண்டோஎக்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வு, ஜனவரி முதல் மார்ச் வரை வட இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பரவிக் கிடக்கும் பழுப்புப் படலத்தை அளந்து காட்டியது. அந்தப் பங்கு நம் கையில் இல்லை. அதன்மேல் நாம் ஏற்றுவதுதான் நம் கையில் இருக்கிறது.

எண்களை ஒருமுறை பார்த்துவிடுவோம். 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான குறுக்களவு கொண்ட துகள்தான் பிஎம் 2.5, தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலின் காற்றறை வரை இறங்குவது இதுதான், இதயத்தைத் தாக்குவதும் இதுதான். பிஎம் 10 சற்றுப் பருமனானது, சாலைத் தூசியில் அதிகம். 2009-இல் அறிவித்த இந்தியத் தரப்படி பிஎம் 2.5 கனமீட்டருக்கு ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி 60. பிஎம் 10-க்கு 60, 100. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய அளவு பிஎம் 2.5-க்கு ஆண்டுக்கு 5, நாளுக்கு 15. நம் தரத்தின் ஆண்டு எல்லை அதைப்போல எட்டு மடங்கு. எனவே "எல்லைக்குள் இருக்கிறது" என்ற சொல்லை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சுமார் 130 நகரங்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கு மட்டும். நாகர்கோவில் அதில் இல்லை. அதாவது அந்தத் திட்டத்தின் பணமும் கண்காணிப்பும் இங்கே வராது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்ற அளவிலேயே செய்துகொள்ள வேண்டியதுதான். இதை ஒரு குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் புகையின் பெரும்பகுதி உள்ளாட்சியின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் உற்பத்தியாகிறது.

அதில் முதலிடம் குப்பைத்தீக்கு. வாகனத்தைவிட இதை முன்னால் வைக்கக் காரணம் உண்டு: இது மூக்குக்குப் பக்கத்தில், புகைபோக்கி இல்லாமல், மிகவும் கெட்ட வேளையில் எழுகிறது. தெருவில் எரியும் குப்பைக் குவியலின் வெப்பம் பெரும்பாலும் 300 முதல் 500 டிகிரிதான். பாதி எரிந்து பாதி கனிந்து கொண்டிருக்கும். நச்சுப்பொருள் சிதைய 850 டிகிரிக்கு மேல் வெப்பமும், அந்த வெப்பத்தில் குறைந்தது இரண்டு வினாடி வாயு தங்குவதும் வேண்டும். அதற்குக் கீழே, வயர் உறை, பிவிசி குழாய்த் துண்டு, ரெக்சின், ஃபிளெக்ஸ் பேனர் போன்ற குளோரின் உள்ள பொருள்கள் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின் என்ற கொடிய நச்சும் வரும். கண்ணைக் கரிக்கும் புகை முதலாவது. இரண்டாவது வாடையே இல்லாமல் மாட்டுப்பால், மீன், முட்டை வழியாகத் திரும்பி வீட்டுக்கு வரும். 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. உத்தரவு இருந்தும் தீ நிற்கவில்லை. எரிப்பவரிடம் "ஏன் எரிக்கிறீர்கள்" என்று கேட்டால் காரணம் தெரியும்.

காரணங்கள் சில்லறையானவை. உலர்குப்பை வாங்க வாரம் ஒருநாள் வண்டி வரும் என்பார்கள். ஒரு வாரம் வராமல் போனால் மூட்டை பதினான்கு நாள் வீட்டில் கிடக்க வேண்டும். பத்தாவது நாள் பொறுமை போய்விடும், தீப்பெட்டி வந்துவிடும். டயப்பரையும் நாப்கினையும் எந்த வண்டியும் முகம் சுளிக்காமல் வாங்குவதில்லை என்றால் அது கொல்லையில்தான் எரியும். தெரு பெருக்குபவருக்குத் தெரு சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கண்டிப்பு உண்டு, கூட்டியதைத் தூக்கிப்போக வண்டி இல்லை; அவர் வேறென்ன செய்வார்? கடை இரவு ஒன்பதரைக்கு அடைக்கிறது, குப்பை வண்டி காலை ஏழுக்கு வந்து போய்விடுகிறது. அட்டைப்பெட்டியும் கேரிபேகும் ஷட்டருக்கு முன்னாலேயே சாம்பலாகின்றன. சானல் (பாசனக் கால்வாய்) கரையும் ஆளில்லாத விளையும் (தோட்ட நிலமும்) மீதியை வாங்கிக்கொள்கின்றன. அபராதச் சீட்டு இதில் ஒன்றையும் மாற்றாது. உலர்குப்பை நாளை வாரம் இருமுறை என்று வைத்து, எந்தக் காரணத்துக்காகவும் தவறாமல் நடத்துவதும், கடைத்தெருவுக்கு மட்டும் இரவு பத்து மணிக்கு ஒரு நடை வண்டி விடுவதும், டயப்பர்ப் பொதியைத் தனி வாளியில் வாங்குவதும் மாற்றும். ஆயிரம் வீடு உள்ள ஒரு வார்டுக்குத் தலைக்கு 350 கிராம், வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் நாளுக்கு 1.4 டன். அதில் பாதி ஈரக்குப்பை. அது நுண்ணுரக் கூடத் தொட்டிக்கு, அதாவது உரமாக்கும் இடத்துக்குப் போகட்டும். மீதியில் எரியக்கூடியது எடையில் குறைவு, இடத்தில் பெரிது. ஒரு பேட்டரி வண்டியை எடை பார்த்து ஒதுக்கினால் இரண்டு தெருவிலேயே நிரம்பிவிடும். கன அளவு பார்த்து ஒதுக்க வேண்டும். திட்டம் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

சருகு வேறு கதை. குமரி மாவட்டத்தில் சிறிய வீட்டுக்கும் நாலு தென்னை, ஒரு பலா, ஒரு மா இருக்கும். எரிக்காமல் என்ன செய்வது என்பதற்கு நல்ல வழிகள் உண்டு. சரியாகச் செய்யாததால்தான் "மக்கவே மாட்டேங்குது" என்று விட்டுவிடுகிறார்கள். வெறும் சருகில் கரி அதிகம், தழைச்சத்து குறைவு. தனியாகக் குவித்தால் ஒரு வருடம் ஆனாலும் அப்படியே கிடக்கும். கரிக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 25 முதல் 30-க்கு ஒன்று என்று வர வேண்டும். நடைமுறையில், ஒரு சாண் உயரத்துக்குச் சருகு, அதன்மேல் இரண்டு விரற்கடை பச்சைச் சாணக் கரைசல் அல்லது சமையலறைக் கழிவு, கைப்பிடி மேல்மண், மறுபடி சருகு. குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது. சிறிய குவியலில் சூடு தங்காது. நான்காம் நாள் உள்ளே கை வைத்தால் சுட வேண்டும். 55 டிகிரிக்கு மேல் போனால் சரியாக நடக்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும்: ஒழுகினால் அழுகல் வாடை வரும், பொடியாக உதிர்ந்தால் வேலை நின்றுவிட்டது என்று பொருள். இங்கே பெய்யும் மழைக்கு மேலே ஓலை மூடாமல் விட்டால் குவியல் ஊறிக் கெட்டுவிடும். பலா, ரப்பர் இலையை அப்படியே போடாமல் மிதித்து நொறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும். மூன்று மாதத்தில் கறுத்துப் பொலபொலவென்று ஆகிவிடும்.

தென்னங் கதம்பையை (தேங்காய் உரித்த மட்டையை) எரிப்பது அதைவிட வீண். தூரிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி, அரை மீட்டர் அகலமும் ஆழமும் உள்ள வட்டக் குழி வெட்டி, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி கதம்பையை அடுக்குங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் மண் போட்டு மூடுங்கள். மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு ஐந்து முதல் ஏழு வருடம் கோடையில் மரத்துக்கு ஈரம் கொடுக்கும். குழி வெட்ட ஆள் கிடைக்காவிட்டால் தூரைச் சுற்றி நூறு கதம்பையை முதுகுப்புறம் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பரப்பினால் போதும், மூடாக்காக இருக்கும். பரப்பும்போது மல்லாக்க வைத்தால் நீர் தேங்கிக் கொசு வளரும், கவனம்.

குப்பைக் கிடங்குத் தீயைத் தனியாகச் சொல்ல வேண்டும். வலம்புரிவிளையில் கிடங்கு எரியும்போது ஊரின் ஒரு பகுதியே மூச்சுத் திணறுவதை நாகர்கோவில்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே காற்று புகாமல் மக்கும் குப்பையில் மீத்தேன் உண்டாகிறது. ஆழத்தில் சூடு சேர்ந்து தானாகவே கனியத் தொடங்கும். மேலே தண்ணீர் அடித்தால் மேல்தோல்தான் அணையும், அடியில் கனல் நகர்ந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள் வேறு இடத்தில் புகையும். அணைக்க வேண்டுமானால் புகையும் பகுதியைச் சுற்றிப் பொக்லைனால் வெட்டிப் பிரித்து, தோண்டியதைப் பரப்பி நனைத்து, ஆறியபிறகு மண்ணால் மூட வேண்டும். வெட்டும்போது காற்றுப் பட்டுத் தீ திடீரென்று எழும் என்பதால் தண்ணீர் லாரி பக்கத்தில் நின்றாக வேண்டும். நிரந்தர வழி உயிரி அகழ்வு. பழைய குப்பையை இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் போகாத நீள்வரிசைகளாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, வாரம் ஒருமுறை புரட்டி, ஈரம் போனபின் சுழல் சல்லடையில் சலித்துப் பிரிப்பது. சலித்து வரும் பிளாஸ்டிக் சிமெண்ட் ஆலைக்கு எரிபொருள். அருகில் இருப்பது திருநெல்வேலியை அடுத்த தாழையூத்து. மழைக்காலத்தில் சலித்தால் மண் சல்லடையில் அப்பிக்கொள்ளும், பிளாஸ்டிக்கோடு சேறும் போகும், ஆலை திருப்பி அனுப்பும். நம் மாவட்டத்தில் வேலை செய்யத் தோதான காலம் ஜனவரி முதல் மே வரை. ஒப்பந்தத்தில் இது எழுதப்படாவிட்டால் வேலை இழுத்துக்கொண்டே போகும். அதோடு, புதுக்குப்பை பிரிக்கப்படாமல் அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தால் ஒரு பக்கம் தோண்டி மறுபக்கம் குவிப்பதாகத்தான் முடியும்.

அடுத்தது மண். நம் சாலைகளில் பறக்கும் தூசி வானத்திலிருந்து விழவில்லை. எம்சாண்டும் பாறைக்கல்லும் ஏற்றிக் களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகும் லாரிகள் சிந்துவது ஒரு பங்கு. குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் வெட்டிச் சரியாக மூடாத பள்ளங்கள் ஒரு பங்கு. தார்விளிம்புக்கும் கடைவாசலுக்கும் நடுவே மண்ணாகவே விடப்பட்ட ஓரம் ஒரு பங்கு. யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு: ஓடை தூர்வாரிய சேற்றைச் சாலையோரமே கொட்டி "காயட்டும்" என்று விடுவது. நான்கு நாளில் அது மாவு மாதிரிப் பொடியாகி, சாக்கடைக் கிருமிகளோடு எல்லார் முகத்திலும் பூசும். வாரிய அன்றே, ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை, கூடுதலாக ஒரு டிராக்டர் நடைதான்.

தார்ச்சாலைத் தூசிக்குப் பயன்படும் அமெரிக்கக் கணக்கீட்டுச் சூத்திரம் ஒன்று உண்டு. அதன்படி, சாலையில் கிடக்கும் நுண்மண் இரட்டித்தால் தூசியும் ஏறக்குறைய இரட்டிக்கும். ஓடும் வண்டிகளின் சராசரி எடை இரட்டித்தாலும் அப்படியே. மண்ணும் கனரக லாரியும் ஒரே சாலையில் சேர்ந்தால் இரண்டும் பெருக்கிக்கொள்ளும். ஆக, லாரியில் பாரம் பக்கப்பலகையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நிற்க வேண்டும். தார்ப்பாயை மேலே விரித்தால் போதாது, இழுத்துக் கட்ட வேண்டும். பின்கதவு இடுக்கில் ஒழுகும் எம்சாண்டுக்கு ரப்பர் பட்டை வைக்க வேண்டும். குவாரி, கிரஷர் வாசலில் டயர் கழுவும் பள்ளமும் அதைத் தாண்டி இருபது மீட்டராவது கான்கிரீட் தளமும் இருந்தால் சேறு நெடுஞ்சாலைக்கு ஏறாது. பள்ளத்தை மூடும்போது ஒரே நேரத்தில் மண்ணைத் தள்ளி நிரப்பாமல் அரைமுழத்துக்கும் குறைவான அடுக்குகளாக நனைத்து இடித்து, மேலே ஜல்லிக் கலவை போட்டு, தார் வரும்வரை தற்காலிகப் பூச்சாவது கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையில் இறங்கும், முதல் வெயிலில் பறக்கும். சாலையில் தண்ணீர் தெளிப்பது கண்துடைப்புக்கு நல்லது. வெயில் நாளில் ஒரு மணி நேரத்தில் காய்ந்து, கீழே இருந்த மண் அங்கேயே இருக்கும். அள்ளினால்தான் போகும். பெருக்குவதும் காலை ஒன்பது மணிக்கு உலர்ந்த துடைப்பத்தால் அல்ல. போக்குவரத்து தொடங்கும் முன்னால், லேசாக நனைத்து.

வாகனப் புகைக்கு வருவோம். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 (இந்திய வாகனப் புகைத் தரம்) எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான், முன்பு 50. புதிய டீசல் வண்டிகளில் துகள் வடிகட்டியும் உண்டு. ஆனால் சாலையில் பல வண்டிகள் பழையவை. புதியவற்றிலும் ஒரு கோளாறு இருக்கிறது. துகள் வடிகட்டியில் சேரும் கரி தானாக எரிந்து போக, வண்டி நெடுஞ்சாலையில் தொடர்ச்சியாக வேகமாக ஓடிச் சூடேற வேண்டும். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் நெரிசலில் ஊர்ந்தே காலம் தள்ளும் வண்டியில் அது நடக்காது. எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும். உடனே யாராவது "அறுத்து எறிந்துவிடலாம்" என்பார்கள். அறுத்தால் அது பிஎஸ் 6 வண்டியே இல்லை. விளக்கு எரிந்தவுடன் காவல்கிணறு வரை அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கருவி மூலம் எரிக்க வைக்கலாம்.

புகைச் சான்றிதழை நம்பி உட்கார வேண்டாம். பெட்ரோல் வண்டிக்கு நின்ற நிலையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கிறார்கள். டீசலுக்கு ஆக்சிலேட்டரை அழுத்திப் புகையின் கருமை பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளையும் நைட்ரஜன் ஆக்சைடையும் அந்தக் கருவி பார்ப்பதே இல்லை. புகையின் நிறம் சொல்வதே அதிகம். கறுப்பு என்றால் காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது, இன்ஜெக்டர் மூக்கு தேய்ந்திருக்கிறது, டர்போ ஹோஸ் கிழிந்திருக்கிறது, அல்லது பாரம் அதிகம். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, இல்லையேல் கூலண்ட் உள்ளே கசிகிறது. காற்று வடிகட்டி மாற்றுவது சில நூறு ரூபாய்ச் செலவில் முடியும், மைலேஜும் கூடும்.

வடசேரி போன்ற பஸ் நிலையங்களில் வண்டி நிற்கும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். டிரைவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பேட்டரி தளர்ந்த வண்டியை அணைத்தால் மறுபடி செல்ஃப் எடுக்காது, தள்ள ஆள் தேட வேண்டும். நூறு பஸ் பத்து நிமிடம் வீதம் சும்மா ஓடினால் பதினாறு மணி நேரத்துக்கு மேல். மணிக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்தாலும் ஒரு நாளில் 25 லிட்டர் டீசல், பயணிகள் மூக்குக்கு நேராக. பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் சரியான காலத்தில் மாற்றினால் "இன்ஜினை அணைக்கவும்" பலகைக்கு அர்த்தம் வரும். மாற்றாமல் பலகை மட்டும் வைத்தால் அது இன்னொரு விளம்பரத் தட்டிதான்.

மார்த்தாண்டத்தில் சுமார் இரண்டரை கிலோமீட்டர் மேம்பாலம் வந்ததால் நெடுந்தூர வண்டிகள் மேலே போகின்றன, நல்லதுதான். ஆனால் கீழ்ச்சாலை இருபுறமும் கடைகளும் மேலே கூரையுமாக ஒரு குகைபோல் ஆகிவிட்டது. அங்கே நிற்கும் புகை மேலேறிக் கலைய வழியில்லை. பாலத்துக்கு அடியில் வண்டி நிறுத்துவதையும் சரக்கு இறக்குவதையும் காலை, மாலைக் கூட்ட நேரத்துக்கு வெளியே தள்ளுவதுதான் அங்கே முதல் வேலை. தெருவில் மரம் நட்டால் எல்லாம் சரியாகும் என்பதும் முழு உண்மையில்லை. இருபுறமும் கட்டடம் உள்ள குறுகிய தெருவில் அடர்ந்து கவிந்த மரம் புகையை அடியிலேயே பிடித்து வைக்கும். அகலமான சாலையில், நடப்பவருக்கும் வண்டிக்கும் நடுவே இடுப்பு முதல் ஆள் உயரம் வரை இடைவெளி இல்லாத செடிவேலி நன்றாகப் பலன் தரும். பள்ளிக்கூட மதிலுக்கு முன்னால் நட இதுவே ஏற்றது.

தொழில் புகையில் பெரிய ஆலைகள் நம்மிடம் குறைவு, சின்னவை அதிகம். ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர் பக்கத்துச் செங்கல் சூளைகள், மேற்கு வட்டாரத்து முந்திரி ஆலைகள், குலசேகரம் பக்கத்து ரப்பர் ஷீட் புகைக்கூடங்கள், நேந்திரங்காய் சிப்ஸ் அடுப்புகள். இவை எல்லாவற்றிலும் பொதுவான குற்றவாளி ஈர விறகு. அப்போது வெட்டிய ரப்பர் விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். எரியும்போது முதலில் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெப்பத்தைத் தின்றுவிடும், அடுப்பு குளிரும், எரியாத தார் புகையாக வெளியே வரும். பிளந்து, கூரைக்கு அடியில் இரண்டு மூன்று மாதம் அடுக்கி வைத்தால் ஈரம் இருபது சதவீதத்துக்குள் இறங்கும். விறகுச் செலவு குறைவதால் முதலாளிக்கும் இலாபம். ஆனாலும் கொட்டகை போட இடமும் மூன்று மாதத்துக்கு முன்பணமும் வேண்டுமே என்பதால் செய்வதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி நோட்டீஸ் அனுப்புவதைவிடக் கூட்டுறவாக ஒரு விறகுக் கொட்டகை போட்டுக் கொடுப்பது வேகமாகப் பலன் தரும்.

சூளைக்கு 2022 பிப்ரவரியில் மத்திய அரசு புதிய விதி கொண்டுவந்தது. புகையில் துகள் கனமீட்டருக்கு 250 மில்லிகிராம் எல்லை, குடியிருப்பிலிருந்தும் பழத்தோட்டத்திலிருந்தும் 800 மீட்டர் தூரம், ஜிக்ஜாக் அல்லது செங்குத்து முறைக்கு மாறுதல். ஜிக்ஜாக்கில் சூடான காற்று கல் அடுக்குக்குள் வளைந்து வளைந்து போவதால் எரிபொருள் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். மாற்ற முடியாத சிறு சூளையிலும் ஒரு பழக்கம் மாறினால் கறுப்புப் புகை நன்றாகக் குறையும்: ஒரு மணிக்கு ஒருமுறை வாய் நிறையத் திணிப்பதற்குப் பதில் கால்மணிக்கு ஒருமுறை கொஞ்சமாகப் போடுவது.

முந்திரியின் தொல்லை வேறு மாதிரி. ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அந்த எண்ணெயோடு ஓடு எரிந்தால் வரும் புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். டிரம்மில் வறுப்பதை விட்டு நீராவியில் வேகவைப்பதும், கொதிகலனுக்கு எண்ணெய் பிழிந்த ஓட்டை மட்டும் போடுவதும் வழி. சிலர் சைக்ளோன் (புகையைச் சுழற்றித் தூசி பிரிக்கும் கருவி) பொருத்திவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். சைக்ளோன் பிடிப்பது பெரும்பாலும் பத்து மைக்ரானுக்கு மேற்பட்டதை. நுண்துகளும் தார் ஆவியும் அதன் வழியாக நிம்மதியாகப் போய்விடும். தார் உள்ள புகைக்குத் துணிப்பை வடிகட்டியும் ஆகாது, இரண்டு நாளில் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். நீர் தெளித்துக் கழுவும் முறை வேண்டும். அந்தத் தண்ணீரைச் சானலில் விடாமல் சுழற்றிப் பயன்படுத்தவும் வேண்டும்.

மண்டபம், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை ஜெனரேட்டர்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு: கட்டட உயரத்தோடு, கேவிஏ எண்ணின் (ஜெனரேட்டரின் திறன் அளவு) வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி வரும் மீட்டரைக் கூட்டினால் புகைக்குழாய் நிற்க வேண்டிய உயரம். 100 கேவிஏ என்றால் மொட்டைமாடிக்கு மேல் 2 மீட்டர். நடைபாதையைப் பார்த்து முழங்கால் உயரத்தில் புகைக்குழாய் திரும்பியிருந்தால் அது விதிமீறல், விவாதமே வேண்டாம்.

அளந்து பார்க்க நினைப்பவர்களுக்கு: செல்பேசிச் செயலிகள் காட்டும் எண், பக்கத்தில் கருவி இல்லாத இடங்களில் செயற்கைக்கோள் தரவையும் கணிப்பையும் கலந்து போட்டது, உங்கள் தெருவை அதற்குத் தெரியாது. துகளை அளக்கும் லேசர் சென்சார் வாங்கி வைக்கலாம், ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் அது மிகையாகக் காட்டும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கடலுப்புத் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும். குளச்சலில் அலைத்தூவானத்தையே புகை என்று சொல்லும். பர்ப்பிள்ஏர் என்ற லேசர் சென்சார் கருவிக்கு அமெரிக்காவில் பயன்படுத்தும் திருத்தம்: காட்டும் எண்ணை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பத சதவீதத்தை 0.0862-ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்டுவது. 60 காட்டுகிறது, ஈரம் 90 என்றால் திருத்தியபின் 29 அளவுதான். இங்கே அந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று கொள்ள வேண்டாம், மிகை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று காட்டத்தான் இது. கருவியை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, தாழ்வாரத்தில், அடுப்படிக் காற்று படாத இடத்தில் வையுங்கள். எறும்பும் சிலந்தியும் உள்ளே குடியேறும், மாதம் ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். மலிவு வகையின் லேசர் ஆயுள் 8,000 மணி நேரம் என்று குறித்திருந்தால், நிறுத்தாமல் ஓட்டும்போது பதினோரு மாதம்தான். வீட்டுக்குள் எண் ஏறினால் தெருவைக் குறை சொல்லும் முன் கொசுவர்த்தியைப் பாருங்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட் விடும் அளவு நுண்துகளை விடுவதாக அளந்திருக்கிறார்கள்.

புகார் செய்வதற்கு முறை உண்டு. "புகை தாங்க முடியவில்லை" என்ற மனு குப்பைக்கூடைக்குத்தான் போகும். இடம், தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, வாடை எப்படி இருந்தது, இடம் பதிவாகும்படி எடுத்த படம். இவற்றைத் தொடர்ந்து பத்து நாள் ஒரு தாளில் எழுதுங்கள். குப்பைத்தீ என்றால் உள்ளாட்சி ஆணையர் அல்லது செயல் அலுவலருக்கு. தொழிற்கூடம் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு, அலுவலகம் நாகர்கோவிலிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு நிற்காமல், அந்தத் தொழிற்கூடத்துக்கு வாரியம் கொடுத்த இசைவாணையின் (இயங்க அனுமதிக்கும் ஆணையின்) நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். புகைபோக்கி உயரம், மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி, உமிழ்வு எல்லை போன்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். உங்கள் படத்தில் தெரிவது எந்த நிபந்தனையோடு ஒத்துப்போகவில்லையோ அந்த வரியை மட்டும் வட்டமிட்டு அடுத்த மனுவோடு இணையுங்கள்.